சிவப்பை முதலில் கழற்று

"அப்பா, நீங்க தனியா இருக்கும்போது ஷாக் அடிச்சா, உங்களை யாருப்பா இழுத்து விடுவாங்க?"

மகனுக்கு அப்போது ஆறு வயது. அப்பா வயரிங் செய்துகொண்டிருந்த பழைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டான். எலக்ட்ரீஷியன் சிரித்தார்.

"கார் பேட்டரி ஷாக் அடிக்காதுடா கண்ணா. சுடும், அவ்வளவுதான்."

"சரி, சுட்டா யாரு வருவாங்க?"

"உங்கம்மா வருவா."

பையன் சமாதானமாகிவிட்டான். அந்த அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. பையன் வளர்ந்து வேலைக்குப் போன ஊரில் இங்கே பகல் என்றால் அங்கே ராத்திரி. வாரம் ஒருமுறை போனில் "சாப்டீங்களாப்பா?" என்பான். "சாப்டேன்" என்பார். பிறகு போனை வைத்துவிடுவார்கள்.

தகரக் கொட்டகையை மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். முதல் தடுப்பில் பெயின்டர், நடுவில் இவர், கடைசியில் நசுங்கிய வண்டிகளைத் தட்டி வெல்டிங் வைக்கிற டிங்கர். இவருக்கு வருவதெல்லாம் தாத்தா காலத்து வண்டிகள். துணி சுற்றிய வயர்கள், தொட்டால் உதிரும். அதனால் நிதானமாகத்தான் வேலை செய்வார். அந்த நிதானத்துக்காகவே டிங்கர் அவருக்கு 'மின்னல்' என்று பெயர் வைத்திருந்தான்.

எந்த வண்டியானாலும் மோதிரத்தைக் கழற்று, வாட்சைக் கழற்று, பேட்டரியில் கறுப்பு வயரை முதலில் எடு, கடைசியில் மாட்டு. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இதைச் சொல்வார். கறுப்பு வயர் வண்டியின் உடம்போடு சேர்ந்தது. அதை எடுத்துவிட்டால் அப்புறம் ஸ்பேனர் எங்கே இடித்தாலும் பொறி பறக்காது.

"மின்னலண்ணே பாடம் ஆரம்பிச்சுட்டாருடா" என்று டிங்கர் கேலி செய்வான். செய்துவிட்டு, சொன்னபடியே கறுப்பை முதலில் கழற்றுவான்.

ஊருக்குச் சொன்னவர்தான் போன வருடம் தவறினார். மனைவி போட்டுவிட்ட மோதிரம் அது. அவள் போனபின் கழற்றக் கை வரவில்லை. ஒரு நிமிட வேலைதானே என்று கறுப்பு வயரையும் எடுக்காமல், சிவப்பு முனையை முறுக்கினார். ஸ்பேனருக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மோதிரம் மாட்டியது. கண் மூடித் திறப்பதற்குள் அது சிவந்து பழுத்துவிட்டது. கத்தக்கூட வாய் வரவில்லை.

எப்படித்தான் பார்த்தானோ, டிங்கர் ஓடிவந்து மரச் சுத்தியால் ஸ்பேனரைத் தட்டிவிட்டான். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் விரலில் ஊற்றினான். வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை வெட்டி எடுத்தபோதும், மறுபடி ஒட்ட வைக்கிற மாதிரி ஒரே இடத்தில் மட்டும் வெட்டினான். கூப்பிடுகிறவனுக்குக் குரலே எழாதபோதும் கடவுள் ஆளை அனுப்பத்தான் செய்கிறார்.

"வாத்தியாரே ஃபெயிலா?" என்றான் டிங்கர், கட்டுப் போட்டுக்கொண்டே.

எலக்ட்ரீஷியனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலை குனிந்துகொண்டார். அன்று சொல்லாமல் விட்ட நன்றியை அப்புறம் சொல்லவே முடியவில்லை. தினமும் காலையில் நாக்கு நுனி வரை வரும். "என்ன மின்னலண்ணே, இன்னைக்காவது அந்த வண்டி முடியுமா?" என்று அவன் முந்திக்கொள்வான். வந்தது உள்ளேயே போய்விடும். அது நெஞ்சில் முள்ளாக நின்றது.

ஒரு நாள் மதியம். பெயின்டர் வேலைக்கு வரவில்லை. டிங்கர் சாப்பிடப் போயிருந்தான். தண்ணீர் பிடிக்கக் கடைசித் தடுப்புக்குப் போன எலக்ட்ரீஷியன் அங்கேயே நின்றார். வெல்டிங் வேலைக்கு ஒரு வண்டி வந்திருந்தது. அவர் பார்க்கிற வண்டிகளைவிடவும் பழையது. பானட்டைத் திறந்து, பேட்டரிப் பக்கத்தில் ஸ்பேனரைத் தயாராக வைத்துவிட்டுப் போயிருக்கிறான் டிங்கர்.

பெட்ரோல் வாடை அடித்தது. பேட்டரிக்குக் கீழே ஓடிய குழாயில் ஈரம் கசிந்திருந்தது. வயர்களைக் கண்ணால் தொடர்ந்து போனவர் இன்னும் குனிந்து பார்த்தார். இந்த வண்டியில் உடம்போடு சேர்ந்திருந்தது சிவப்பு. அந்தக் காலத்தில் சில வண்டிகளை இப்படித் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். டிங்கருக்கு அது தெரியாது. வந்ததும் கறுப்பில்தான் கை வைப்பான். அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். ஸ்பேனர் வண்டியின் ஓரத்தில் ஒரு முறை இடித்தால் போதும், பொறி பறந்து பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

திரும்பி வந்ததும் சொல்லலாம். சொன்னால் அவன் நன்றி சொல்வான். தான் சொல்லாத நன்றியை அவன் வாயிலிருந்து கேட்க இவருக்குக் கூச்சமாக இருந்தது.

கை வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பொறி வராமல் சிவப்பை முதலில் எடுத்தார். பிறகு கறுப்பை. பேட்டரியைத் தூக்கி, வெல்டிங் தீ எட்டாத மூலையில் வைத்தார். வயர் முனைகளுக்குத் துணி சுற்றினார். கசிந்த குழாயைக் கழற்றி, டேங்க் பக்கத்து முனையை அடைத்து, ஈரத்தைத் துடைத்தார். கொட்டகையின் கதவை அகலத் திறந்து காற்று விட்டார். கடைசியில் பானட்டின் உட்பக்கம் சாக்பீஸால், தன் எழுத்து தெரியாதபடி இடது கையால் எழுதினார்: 'இந்த வண்டிக்குச் சிவப்பை முதலில் கழற்று. கடைசியில் மாட்டு. பெட்ரோல் குழாய் மாற்றவும்.'

தன் இடத்துக்கு வந்து டிபன் டப்பாவைத் திறந்தார். டிங்கர் வந்தது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"மின்னலண்ணே, கேட்டீங்களா? இந்த வண்டி ஓனர் பேட்டரியைக் கழட்டி வச்சு, பாடம் வேற எழுதிட்டுப் போயிருக்காரு. எழுத்துதான் கோழி கிண்டின மாதிரி இருக்கு."

"அப்படியா தம்பி?"

"உங்களை மாதிரியே ஒரு பயந்தாங்கொள்ளி போல."

"இருக்கட்டும்ப்பா" என்றார் எலக்ட்ரீஷியன். வாயில் வைத்த சோற்றை மெதுவாக மென்றார்.