இல்லையா என்றொரு கேள்வி

சனிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து அதிகாரி வருகிறார் என்று ராஜாராம் சார் சொன்னதும், வகுப்பில் எல்லோரும் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிட்டம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அதைக் கெடுத்தது தான்தான் என்பது அவள் எண்ணம்.

உத்திரமேரூர் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது எண்பத்தாறாம் வருஷம், பொங்கல் கழிந்து. பகலில் அது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. பத்தாவதில் தவறியவர்களுக்குச் சாயங்காலத்தில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த ராஜாராம் சார், தலைமையாசிரியரிடம் நடையாய் நடந்து அந்த அறைச் சாவியை வாங்கியிருந்தார். பெயிலானவர்கள் கையில் இவ்வளவு விலையுள்ள சாமானைக் கொடுப்பதா என்று யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். அதிகாரி வந்து பார்ப்பார். பிரயோசனம் இல்லை என்று அவருக்குப் பட்டால், நாலு மணிக்கு மேல் அறைக்குப் பூட்டு.

சிட்டம்மாள் பகலில் ரைஸ்மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவி உலர்த்துகிறவள். பத்தொன்பது வயது. கணக்கில் இரண்டு தடவை தவறியவள். எதையும் வரிசை தப்பாமல்தான் செய்வாள்; செய்து முடித்த பிறகு, சரியாகச் செய்தோமா என்று மனதுக்குள் குமைந்துகொண்டே இருப்பாள்.

முதல் நாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்த அறைக்குள் போனது அவளுக்கு இன்னமும் கண்ணிலேயே நின்றது. டி.வி. மாதிரி ஒரு பெட்டி. அதன் நெற்றியில் தலைமையாசிரியர் வைத்த சந்தனமும் குங்குமமும். சார் டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட, மழைக்காலத்துப் பூச்சிகள் ஒன்றாகக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். சத்தம் ஓய்ந்ததும் இருட்டுத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கூடப் படிக்கிற மார்த்தாள்தான் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "ஒரு பிராணியை நினைத்துக்கொள். நான் கண்டுபிடிக்கிறேன்."

சிட்டம்மாள் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். மனசில் நினைப்பதை இது எப்படிக் கண்டுபிடிக்கும்?

கண்டுபிடிக்கவில்லை. அதற்குத் தெரிந்தது மாடும் மீனும் மட்டும்தான். தண்ணீரில் வாழுமா என்று கேட்கும். ஆமா என்றால் மீன், இல்லை என்றால் மாடு. விசைப்பலகையில் இரண்டு சாவிகளின் மேல் 'ஆமா', 'இல்லை' என்று சார் சீட்டு ஒட்டியிருந்தார்.

"இவ்ளோதானா சார்?" என்றான் சைக்கிள் கடை முத்துவேல். வகுப்பிலேயே மூத்தவன் அவன்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "எங்க தெரு கய்தைக்கு இத்தவிட அறிவு கீது."

"அதுக்கு ஒண்ணும் தெரியாது முத்துவேல். நீங்க சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு. தோத்துப்போனா அது நம்மளையே கேக்கும், பாரு."

அப்படித்தான் கேட்டது. நீ நினைத்தது என்ன என்றது. தவளை என்று சிட்டம்மாள் தட்டினாள். தவளைக்கும் மீனுக்கும் வித்தியாசம் காட்ட ஒரு கேள்வி சொல் என்றது. தவளையைத் தினம் பார்க்கிறவர்கள்தான் எல்லோரும், ஆனால் கேள்வி? ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வால் இல்லையா?" என்று தட்டினாள். தவளைக்கு இதன் பதில் என்ன என்றது பெட்டி. 'ஆமா'வை அமுக்கினாள். அடுத்த ஆட்டத்தில் அது தவளையைச் சரியாகச் சொல்லிவிட்டது.

"நல்ல கேள்விம்மா," என்றார் சார். அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

அதைப் பார்த்து மற்றவர்களும் அதே மாதிரி கேட்கத் தொடங்கினார்கள். கொம்பு இல்லையா, றெக்கை இல்லையா, கால் இல்லையா. ஏரிக்கரையில் உள்ள உயிர் எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. உள்ளே போகப் போகப் பெட்டிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எருமையை நினைத்தால் கொக்கு என்றது. பாம்பை நினைத்தால் ஆடு என்றது. தவளை மூன்று இடத்தில் இருந்தது.

ஆரம்பமே தன்னுடைய கேள்வி. அடியில் கோணினால் மேலே எல்லாம் கோணும். சனிக்கிழமையோடு வகுப்பிலிருந்து நின்றுவிடுவது என்று சிட்டம்மாள் முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் முத்துவேலுக்கும் மார்த்தாளுக்கும் சண்டை.

"ஏம்மே மார்த்தா, தவளைக்கு வால் கீதா?"

"இல்ல."

"நானும் அதான் சொல்றேன். அப்பறம் இன்னாத்துக்கு நீ 'இல்லை'ய அமுக்கிக்கினே கீற?"

"இல்லாததுக்கு இல்லைய அமுக்காம வேற எத்த அமுக்கறது?"

"வால் இல்லையான்னு கேக்குது. ஆமா, இல்ல. அப்ப 'ஆமா'வத்தான் அமுக்கணும்."

"தோ பாருண்ணா, நீயே இல்லன்னுதான் சொல்ற."

"பேஜாரா போச்சுடா உன்னோட. அடுத்து ஆமைய நெனைக்காதே. ஆமாவா ஆமையான்னு அதுக்கும் ஒரு பஞ்சாயத்து வெப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். சிட்டம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து முன்னால் வந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றீங்க," என்றாள் மெதுவாக. "சார், நாம பேசறது அதுக்குக் காதுல வியுமா?"

"விழாதும்மா. எந்தச் சாவில விரல் படுதோ, அது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

அவளுக்கு மில் ஞாபகம் வந்தது. இன்னும் நாஷ்டா துன்னலையா என்று மேஸ்திரி கேட்பார். ஆமா மேஸ்திரி என்றாலும் வயிறு காலி என்றுதான் அர்த்தம். இல்ல மேஸ்திரி என்றாலும் அதே அர்த்தம்தான். மேஸ்திரி ஒருநாளும் குழம்பியதில்லை. கேட்ட குரல், சொன்ன முகம், தலையசைப்பு எல்லாம் சேர்ந்து அர்த்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். முகமும் குரலும் எட்டாத இந்தப் பெட்டிக்கு முன்னால்தான் அது இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு. அதற்குள் இப்படி ஒரு பிளவு இருப்பதை அவள் கண்டதே இல்லை. ஏரி வற்றியபோது தண்ணீருக்கடியில் இவ்வளவு நாளும் ஒரு படிக்கட்டு இருந்தது தெரியவந்த மாதிரி இருந்தது.

"யார் அமுக்கினதும் தப்பு இல்ல சார். கேள்விதான் தப்பு. இல்லையான்னு கேட்டா, ஆமான்னாலும் இல்லதான், இல்லன்னாலும் இல்லதான். வால் கீதான்னு கேட்டிருக்கணும். நான்தான் மொதல்ல அப்டிக் கேட்டேன்."

சார் ஆமா, இல்லை என்று தனக்குத்தானே முணுமுணுத்துப் பார்த்தார். "எனக்குத் தோணவே இல்லையேம்மா. நல்ல கேள்வின்னு வேற சொன்னேன்." அவர் முகத்தில் வருத்தம் இல்லை. பார்க்காததைப் பார்த்தவர் முகமாக இருந்தது.

அதுவரை சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, மாடும் மீனும் மட்டும் தெரிந்த பழைய கேசட்டைப் போட்டார்கள். மறுபடியும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கேள்வியைத் தட்டுவதற்கு முன்னால் ஒருவர் பாக்கியில்லாமல் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு விதமாகப் பதில் வந்தால் அந்தக் கேள்வி செல்லாது. வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டும்போது எருமை எருமையாக ஆகியிருந்தது.

சனிக்கிழமை வந்த அதிகாரி ஒல்லியான, அவசரக்கார மனிதர். ஜீப் வாசலில் நின்றது; தலைமையாசிரியரும் கூடவே வந்தார். "இவங்க விளையாடறாங்கன்னு புகார். ஆமா, விளையாட்டுத்தானே இது," என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, நினைச்சுட்டேன்."

தண்ணீரில் வாழுமா? இல்லை. றெக்கை கீதா? இல்லை. கொம்பு கீதா? இல்லை. மரம் ஏறுமா? அதிகாரி லேசாகச் சிரித்தார். "பழகினா ஏறும்," என்று ஆமாவை அமுக்கினார். குரங்கா என்று கேட்டது பெட்டி.

"இல்லை." நான் தோற்றேன், நீ நினைத்தது என்ன என்று எழுத்து வந்தது. மனுஷன் என்று தட்டினார். குரங்குக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் காட்ட ஒரு கேள்வி சொல் என்றது. அவர் திரும்பி வகுப்பைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

"வால் கீதா?" என்றான் முத்துவேல்.

"வால் இல்லாத கொரங்கு புத்தகத்துல கீதுண்ணா," என்றாள் மார்த்தாள். "துணி உடுத்துமா?"

"கொரங்காட்டி அதுக்கு சொக்கா மாட்டித்தான் இட்டாறான்," என்றான் முத்துவேல்.

"பேசுமா?" என்றார் அதிகாரி. அவரும் சேர்ந்துகொண்டது அவருக்கே தெரியவில்லை.

"வாய் பேசாதவங்க கீறாங்களே அய்யா," என்றாள் சிட்டம்மாள். சொல்லிவிட்டுப் பயந்தாள். அதிகாரி மோவாயைத் தடவினார். வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான்.

சிட்டம்மாளுக்குள் ஒரு கேள்வி வந்து நின்றது. நேற்றைய பழக்கத்தில் அதற்கு ஆமாவும் இல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் குழம்பவில்லை; கேள்வி நின்றது.

"தனக்குத் தெரியாதத அடுத்தவங்களக் கேட்டுத் தெரிஞ்சிக்குமா?"

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். விரல் சாவிகளின் பக்கம் போயிற்று.

"சார்," என்றான் முத்துவேல். எப்போதும் இருக்கும் கேலி அவன் குரலில் இல்லை. "இந்தப் பொட்டியும் அதத்தானே பண்ணிக்கினு கீது?"

விரல் அந்தரத்தில் நின்றது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். கேள்விக்கு இடம் விட்டு, ஒரு சின்ன வெளிச்சக் கோடு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டி உயிர் என்று சிட்டம்மாள் நம்பவில்லை. ஆனால் மனுஷனுக்கு மட்டும் உரியது என்று நினைத்து அவள் எடுத்து வைத்ததை, அது மறுபக்கத்தில் நின்று அமைதியாக வாங்கிக்கொண்டுவிட்டது.

டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தான். "இருக்கச் சொல்லுங்க அவனை," என்றார் அதிகாரி. பிறகு தலைமையாசிரியரைப் பார்த்து, "பூட்டெல்லாம் வேணாம் சார். சாயங்காலச் சாவி ராஜாராம்கிட்டயே இருக்கட்டும். இவங்க இதை முடிக்கட்டும்," என்றார். நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மார்த்தாள் சிட்டம்மாளின் இடுப்பில் இடித்தாள். "கேட்டியாமே? சாவி நம்மளுக்குத்தான்."

"ம்."

"அழுவுறியா இன்னா?"

"இல்ல. யோசிச்சிக்கினு கீறேன்," என்றாள் சிட்டம்மாள்.