மறைத்த பிரதி

மூன்றாம் மாடியில் வார்டு போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. செவிலியர்கள் படியேறி இறங்கி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரக் கடைசியில், துடைப்பங்களும் போன்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளும் சேர்ந்து குடியிருக்கும் அறையில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்து, புது ஸ்விட்சின் அமைப்புகளை மடிக்கணினியில் வரி வரியாகப் படித்தாள். போன்களுக்கான ரகசியச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள்.

"என்னம்மா கோளாறு?" என்றார் கேபிள்காரர், ஏணி மேலிருந்து.

"நட்சத்திரத்தையே பாஸ்வேர்டா ஏத்தியிருக்காருண்ணே, நம்ம ஐ.டி. தலைவர்."

"பரவாயில்லையே. நான் கேபிள்தான் இழுக்கறேன், மனுஷன் ஆகாயத்தையே இழுத்துட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவமனையின் ஸ்விட்சுகளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து கட்டி மேய்க்க வெளியார் எழுதிய நிரல் நூலகம், அதாவது லைப்ரரி, அமைப்புகளைப் பிரதி எடுக்கும்போது ரகசியச் சொற்களை மறைத்துவிடும். பார்ப்பதற்கு அது போதும். திரும்ப ஏற்றுவதற்கு ஆகாது. அதனால்தான் அந்தப் பகுதியை அவள் மாற்றி எழுதியிருந்தாள்: பார்வைக்கு மறைத்த பிரதி, மீட்புக்குப் பூட்டிவைத்த முழுப் பிரதி. போன மாதம் தலைவர் அதைப் பிடுங்கி எறிந்தார். "அந்த லைப்ரரியை எழுதினவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?" என்றார், அறையே கேட்கும்படி. நேற்று ஸ்விட்ச் எரிந்துபோக, மறைத்த பிரதியைப் புதியதில் அவரே ஏற்றினார். இன்று காலை, செவிலியர் போனில் ஒலிக்க வேண்டிய அழைப்பு மணியை அழுத்தி அழுத்திச் சலித்த ஒரு பெரியவர் தானே கட்டிலிலிருந்து இறங்கப்போய் விழுந்துவிட்டார்.

தன் நிரல் முன்பு பூட்டிவைத்திருந்த பழைய பிரதியிலிருந்து சொல்லை எடுத்து ஏற்றினாள். தாழ்வாரம் முழுக்கப் போன்கள் ஒன்றாக அலறின. அவளுடைய கைப்பேசியும் அடித்தது; தலைவர்.

"சரியாயிடுச்சா? டைரக்டர் ரூமுக்கு வா. நீ எழுதின கோடாலதான் கோளாறுன்னு சொல்லியிருக்கேன். ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சிடும்."

"அதைத்தான் நீங்க எடுத்துட்டீங்களே சார்!"

"எடுத்ததாலதானேம்மா வந்துச்சு? அப்ப உன் கோடுதானே காரணம்? உன்னைப் பர்மனென்ட் பண்ற ஃபைல் என் மேசையிலதான் இருக்கு, பார்த்துக்கோ."

மருந்தை நிறுத்தியவன் மருந்தின் மேலேயே பழி போடுகிறான். மடிக்கணினியை மூடாமலே எழுந்து நடந்தாள்.

லிஃப்ட் வாசலில், விழுந்த பெரியவரின் மகள் வழிமறித்தாள். "போன் ரிப்பேர் பண்றவங்க நீங்கதானே? ஏன் அடிக்கலைன்னு கேட்டா ஆளாளுக்கு முழிக்கிறாங்க."

அவள் லிஃப்டின் கதவைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாங்கக்கா. மேலே போய் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

கதவு மூடியது. மகளின் கையில் அப்பாவின் ஒற்றைச் செருப்பு இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.