இரண்டு குடத்தில் எஞ்சின் ஓடாது

1

இந்தக் கதை ஒரு நோட்டீசாகப் பிறந்திருக்க வேண்டியது. ராயபுரத்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் ஆன்றோதான் கேட்டார். "ஒரு பக்கம் எழுதித் தாரும். கொடுவா மீன் பிடிக்கப் போறவன் ராடு, ரீலு, படகு, எஞ்சின் எல்லாத்தையும் எப்படிப் பாத்துக்கணும்னு நாலு உருப்படியான விஷயம். கதையெல்லாம் வேண்டாம், கேட்டீரா?" கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். எத்தனையோ வருடமாக இங்கே வியாபாரம் செய்தும் ஊர்ப் பேச்சை விட்டுக்கொடுக்காதவர். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கதை வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

முதல் வரி இப்படி வந்தது: "உப்புத் தண்ணீரில் பயன்படுத்திய ரீலை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவவும்."

நல்ல வரி, பொய் இல்லாத வரி. இதே வேகத்தில் போயிருந்தால் நோட்டீஸ் அன்றைக்கே அச்சாகியிருக்கும். ஆனால் எழுதிய கையோடு எனக்கு ஹென்றியின் ஞாபகம் வந்துவிட்டது. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவர். கீழே அவரும் மனைவி சிலுவையம்மாவும், மாடியில் நான். மேலே எழுதிய அந்த ஒரு வரியை மீறியதால்தான் அவருடைய தங்கை டெபோரா அவரோடு பேசுவதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"எண்ணூர் முகத்துவாரத்தில் சூரியன் பொன்னை உருக்கி ஊற்றிய போது"

வேண்டாம். அங்கே விடிந்ததும் முதலில் தெரிவது புகைபோக்கிகள். சூரியன் அதற்குப் பிறகுதான் இடம் கேட்டு வரும்.

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

"ஹென்றி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். டெபோரா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். இருவரும் சேர்ந்து வாங்கிய ஃபைபர் படகில் உடம்பு அண்ணனுடையது, எஞ்சின் தங்கையுடையது."

இது பரவாயில்லை. சுற்றி வளைக்காமல் வாசலுக்கே வந்துவிட்டது. படகு எண்ணூர்க் கழிமுகத்துக் கரையில் நிற்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணனும் தங்கையும் ராடைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மீனைவிட அந்தப் பயணம்தான் அவர்களுக்கு முக்கியம் என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். டெபோரா படித்தால் சிரிப்பாள். அவளுக்கு மீன்தான் முக்கியம்.

(ஆன்றோவுக்காக ஒரு இடைச்செருகல்: கொடுவா ஆறும் கடலும் கலக்கிற இடத்து மீன். மழைத் தண்ணீர் இறங்கி உப்பு குறையும்போது பசியோடு திரியும். அதன் வாய் அரம், செவுள் ஓரம் பிளேடு. அதனால் தூண்டில் நரம்பின் நுனியில் தடித்த நைலானாக ஒரு முழம் இரண்டு முழம் கட்டுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் கஞ்சத்தனம் பார்க்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். இதை நோட்டீசில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.)

3

நடந்தது இதுதான். போன மழைக்காலத்தில் ஹென்றி தங்கையின் ரீலை இரவல் வாங்கிப் போனார். திரும்பி வந்து அதைக் கழுவாமல் பையில் போட்டு அப்படியே கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு டெபோராவின் தூண்டிலில் ஒரு கொடுவா விழுந்தது. அது தண்ணீரை விட்டு எழும்பித் தலையை உதறியதை ஹென்றியும் பார்த்தார். எவ்வளவு பெரிசு என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு கையையும் விரிப்பார், போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

பெரிய மீன் இழுக்கும்போது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது ரீலின் வேலை. உள்ளே உப்பு காய்ந்து இறுகிப்போன ரீல் விட்டுக்கொடுக்கவில்லை. நரம்பு அறுந்தது.

டெபோரா திட்டவில்லை. கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றினாள், சாக்கில் சுற்றினாள், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காரவைத்து அதற்கும் ஒரு சீட்டுக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அவள் வீடு எங்கள் எதிர்ச் சந்தில். அன்றோடு "ண்ணா" என்ற கூப்பாடு எங்கள் வாசலில் நின்றுபோனது. தெருவில் வேறு யாராவது யாரையாவது "ண்ணா" என்று கூப்பிட்டால் ஹென்றி திரும்பிப் பார்க்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

4

இங்கே ஒரு சிக்கல். ஹென்றி என்ற பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. நாளெல்லாம் கிரேனுக்கு கிரீஸ் இருக்கிறதா, கம்பி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மனிதர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரீலைக் கழுவ மாட்டாரா? வாசகர் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடலாம் என்று கீழே இறங்கினேன்.

"அன்னிக்கு தண்ணி லாரி வர்ல ரைட்டரே" என்றார் ஹென்றி. "வூட்ல ஒரே ஒரு கொடம் தண்ணிதான். சிலுவையம்மா ஒலை வெச்சிகினு நிக்கிறா. நான் இன்னா பண்றது? சோத்துக்கு ஊத்துறதா, ரீலுக்கு ஊத்துறதா?"

"இத தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"கேட்டாதான சொல்றதுக்கு? எஞ்சினத் தூக்கிகினு போய்கினே இருந்தா. அவளோட பெரிய பேஜாரு."

மாடிக்கு வந்து முதல் வரியைத் திருத்தினேன்: "நல்ல தண்ணீரில் கழுவவும் (லாரி வந்திருந்தால்)." தூண்டில் பராமரிப்பு பற்றி நான் படித்த அறிவுரைகள் எல்லாவற்றிலும் வீட்டு வாசலில் ஒரு குழாய் இருக்கிறது, அதில் எந்நேரமும் தண்ணீரும் வருகிறது. அவற்றை எழுதியவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சரி, இதை டெபோராவிடம் சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று எதிர்ச் சந்துக்குப் போனேன். முடியவில்லை.

"கொடம் யாரு கேட்டா?" என்றாள். "ஒரு டம்ளர் தண்ணில துணிய நனைச்சுத் தொடச்சா போதும். நரம்ப இறுக்கிப் புடிக்கிற டிராக்க லூஸ் பண்ணி காய வெச்சிட்டா முடிஞ்சிச்சு. மடமடன்னு ஊத்துனாதான் உப்பு உள்ள போவும். உங்க ஓனருக்கு இது தெரியாதா? சொல்லிக் குடுத்ததே நாந்தான்."

(அண்ணனை அவள் இப்போது குறிப்பிடுவது "உங்க ஓனரு" என்றுதான்.)

நான் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு பின்னால் இருந்து சொன்னாள். "மீனு போனா போவுது சார். 'கழுவல டெபோ'ன்னு ஒரு வார்த்த சொல்லிக் குடுத்திருந்தா நானே தொடச்சிருப்பேன்ல?"

5

எஞ்சின் பற்றி நோட்டீசில் போட வேண்டியது: சும்மா கிடக்கும் எஞ்சின் கெட்டுப்போகும். உள்ளே தேங்கிய பெட்ரோல் பிசினாகிவிடும். அதனால் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கால், அதாவது விசிறி இருக்கும் அடிப்பக்கம், முங்கும்படி மாட்டி அவ்வப்போது ஓட்டுங்கள். கடைசியில் பெட்ரோலை மூடிவிட்டு, அதுவாக அடங்கும்வரை விடுங்கள். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டிவிடாதீர்கள், உள்ளிருக்கும் பம்பு கருகிவிடும்.

டெபோரா இதை வாராவாரம் செய்கிறாள். பூசை முடிந்து வந்ததும் வாசலில் நீல டிரம், அதில் எஞ்சின், சந்து முழுக்கச் சத்தமும் புகையும். பக்கத்து வீட்டு கிருஷ்ணப்பன் இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவார்.

அதே நேரம் இங்கே ஹென்றி வாசலில் கண்ணாடி மாட்டிச் சவரம் செய்துகொண்டிருப்பார். சத்தம் கேட்டதும் பிளேடு நின்றுவிடும். ஒருநாள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மிஸ் அடிக்குது. பிளக்க மாத்தணும். அவகிட்ட சொல்லு நைனா. நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றார். நான் சொன்னேன். "யாரு சொன்னா?" என்றாள். எனக்கே தோன்றியது என்றேன். எஞ்சினுக்கு எது மூக்கு எது வாய் என்று தெரியாத என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்த வாரம் சத்தம் சீராக வந்தது. ஹென்றி அன்றைக்கு முகத்தை இரண்டு தடவை மழித்தார்.

6

முடிவுகள்.

அ) ஹென்றி கோயில் வாசலில், எல்லோர் முன்னாலும் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

படித்துக்காட்டினேன். "அத்தினி பேரு முன்னாடியா? மானத்த வாங்காத, போ" என்றார் ஹென்றி.

ஆ) அறுத்துக்கொண்டு போன அதே கொடுவா, வாயில் பழைய தூண்டில் முள்ளோடு மறுபடி டெபோராவிடமே மாட்டுகிறது. கோபம் கரைகிறது.

"மீனு மாட்டுனா சமாதானமா?" என்றாள் டெபோரா. "மீனு இன்னா பாதரா?"

இ) புயல். ஒருவர் தண்ணீரில் விழ, மற்றவர்...

இதைச் சிலுவையம்மா முடிக்கவே விடவில்லை. "எங்க வூட்டு ஆளுங்களத் தண்ணில தள்ளாதீங்க தம்பி. சொம்மா கீறவங்கள ஏன் சாவடிக்கிறீங்க?"

ஈ) இருவரும் கடைசிவரை பேசுவதில்லை.

இதை யாரிடமும் படித்துக்காட்டத் தைரியம் வரவில்லை. நடுவில் ஆன்றோ போன் செய்தார். "ஓய், நோட்டீசு என்னாச்சு?" பாத்திரங்கள் ஒத்துழைக்கவில்லை என்றேன். வைத்துவிட்டார்.

7

இன்று ஞாயிறு. மேகம் கூடியிருக்கிறது. நாளைக்கோ மறுநாளோ மழை பிடித்துவிடும், கழிமுகத்துக்குக் கொடுவா வந்துவிடும் என்று தெருவே சொல்கிறது. ஹென்றி ஒரு கன்னத்தில் நுரையோடு நிற்கிறார். பிளேடு அசையவில்லை.

"ரைட்டரே, இன்னிக்கு சத்தம் வர்ல."

"லேட்டாகும் போல."

"அவ லேட் பண்ண மாட்டா. எஞ்சின வித்துட்டாளா? போய்ப் பாரேன்."

போனேன். டெபோரா காலி டிரம்மின் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் சுவரில் சாய்ந்திருந்தது.

"எங்க சந்துக்கு ரெண்டு நாளா லாரி வர்ல சார். இன்னிக்கு ஓட்டிப் பாக்கலன்னா எப்டி? மழை வந்தா போட்ல மாட்டணுமே."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கேட்காதது போல நின்றேன். எழுத்தாளனுக்கு அந்த நடிப்பு நன்றாக வரும்.

திரும்பி வந்து ஹென்றியிடம் தண்ணீர் இல்லை என்பதை மட்டும் சொன்னேன். அவர் லுங்கியாலேயே நுரையைத் துடைத்தார். போன மழைக்காலத்து விவகாரத்துக்குப் பிறகு சிலுவையம்மா எப்போதும் மாடிப்படிக்குக் கீழே குடங்களை நிரப்பி அடுக்கி வைத்திருக்கிறாள். அதில் இரண்டைத் தூக்கினார். பாதி மழித்த முகத்தோடு எதிர்ச் சந்துக்குள் நுழைந்து, யாரையும் பார்க்காமல் டிரம்மில் ஊற்றினார். அடி நனைந்தது, அவ்வளவுதான்.

டெபோரா எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ரெண்டு கொடத்துல எஞ்சின் ஓடாதுன்னு உங்க ஓனருக்கு சொல்லுங்க."

ஹென்றியும் என்னிடமே சொன்னார்: "தெரியும்னு சொல்லு."

காலிக் குடங்களோடு திரும்பி நடந்தார்.

8

டெபோராவின் வாசற்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹென்றி போகிறார், வருகிறார், ஊற்றுகிறார். கிருஷ்ணப்பன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறார். டிரம்மில் தண்ணீர் பாதியைத் தாண்டிவிட்டது. டெபோரா எஞ்சினைத் தூக்கி விளிம்பில் மாட்டிவிட்டாள். கால் இன்னும் முழுதாக முங்கவில்லை.

ஹென்றிக்கு மூச்சு வாங்குகிறது. இந்த நடையில் எதையோ சொல்ல வாயெடுத்தார். "அன்னிக்கு அந்த ரீல..." என்று என்னைப் பார்த்துத் தொடங்கி, பிறகு என்னை விட்டுவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினார். "நான் கழுவல டெபோ."

நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். அவள் இப்போது என்ன சொல்கிறாளோ அதுதான் கதை. அவள் டிரம்மைப் பார்க்கிறாள், அவருடைய அரைத் தாடியைப் பார்க்கிறாள். இடையில் ஒரு குரல்.

"எழுதுனது போதும் தம்பி. இத்தப் புடிங்க." சிலுவையம்மா. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். மறுக்க முடியாது, வாடகைக்கு இருக்கிறேன். நோட்டுப் புத்தகத்தைப் படியில் வைத்துவிட்டு இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

டெபோரா இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

என் இரண்டு கையிலும் குடம். அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.