பத்து முப்பது மணித் தண்ணீர்

1

“பெட்டிச் சாவியைக் குடுங்கண்ணே.”

கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அந்தச் சாவியை மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் கேட்காமலும் இருந்தாள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஸ்டிக்கரிலிருந்து வந்தது. பாட்டில் மேல் ஒட்டுகிற, இரண்டு விரல் அகல ஸ்டிக்கர். அதில் எழுதியிருந்த நேரம் இன்னும் வந்தே சேரவில்லை. என் கையில் இருந்தது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் கோபம். (அவள் நான்தானா என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்காதே என்றால் எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா?)

2

முதலில் வேறு மாதிரித்தான் தொடங்கினேன். “பாலத்தைத் தாண்டியதும் தீவு, வெயிலில் காயப்போட்ட ——” வேண்டாம், விடுதிக்காரன் விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடுத்து: “அன்று காலையிலிருந்தே அவள் மனதில் ஏதோ ——” இது பொய். சந்தேகம் மூன்று நாள் முன்பே வந்துவிட்டது, அவள் ஆபீஸ் மேனேஜர் அவளை விட்டுவிட்டு அவள் அம்மாவுக்குப் போன் போட்டபோது.

நேராகவே சொல்கிறேன். அவள் தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். தீவில் ஒரு கடற்கரை விடுதி. அதன் முன்னால் கடலில் ஆட்கள் குளிக்கலாமா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்துச் சொல்ல வேண்டும். பூட்டிய ஐஸ் பெட்டியோடு வண்டி ஓட்டிப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறவருக்கு ஐஸ்பெட்டி என்றே பட்டப்பெயர். அவர் பிடித்து வருவதை இவள் சோதித்துக் கையெழுத்துப் போடுவாள். இதுவரை எட்டு முறை போட்டிருக்கிறாள். இந்த முறை மட்டும் அவளையும் வரச் சொன்னார்கள். இரண்டு நாள் விடுதியில் தங்கலாம், அம்மாவும் வரலாம்.

“பெத்தவளையும் கூட்டிட்டு வான்னு எந்த ஆபீஸ்லடி சொல்லுவாங்க? தங்கமான மனுஷன்.”

“திடீர்னு எதுக்கும்மா இவ்வளவு பாசம்?”

“ஆரம்பிச்சுட்டியா? குடுக்கிறவங்க கையைப் பாரு, மூஞ்சியைப் பார்க்காதே.”

அம்மா இருபது வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தவள். மடித்து மடித்துத்தான் மகளைப் படிக்கவைத்து அந்த வீட்டுக்கு முதல் பட்டத்தைக் கொண்டுவந்தாள். கேள்வி கேட்காததால்தான் இருபது வருடம் வேலை நிலைத்தது என்பது அவள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கின் மேல் கோபம், அம்மாவின் மேல் இல்லை. (முதல் பிரதியில் அம்மாவின் மேலும் இருந்தது. அடித்துவிட்டேன்.)

3

தீவுக்குப் போகும் பாலம் கப்பல் வந்தால் நடுவில் பிளந்து மேலே எழும்பும். அன்று பத்து மணிக்கு எழும்பிவிட்டது. முன்னும் பின்னும் வண்டிகள், உள்ளே புழுக்கம். பின்சீட்டில் அம்மா கைக்குட்டையால் விசிறிக்கொண்டாள். அவளுக்குப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸ் எடுக்கலாமே என்று தோன்றித்தான் மகள் சாவியைக் கேட்டாள். அது சாக்குதான் என்பது மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐஸ்பெட்டி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

“சாவியைக் கேட்கக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?”

“சொன்னாங்க. குடுங்க.”

கொடுத்துவிட்டார்.

இங்கே நான் நான்கு நாள் எழுதாமல் நின்றேன். அந்த மனிதர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் கொடுத்தார்? சலித்துப்போயா? யாராவது ஒருநாள் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தா? இல்லை, அவளை மாட்டிவிட்டு மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்கவா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் முகம் ஒரே மாதிரி, சுவர் மாதிரி இருந்தது.

பெட்டியில் ஆறு பாட்டில்கள் நிறைந்திருந்தன. இரண்டு காலியாக இருந்தன. நிறைந்தவற்றின் ஸ்டிக்கரில் அழகான கையெழுத்தில் தீவுக் கடற்கரையின் பெயர், அன்றைய தேதி, காலை 10.30.

அப்போது மணி பத்து பத்து.

“அண்ணே, இது எந்தத் தண்ணி?”

“நேத்து சாயங்காலம் இக்கரையில பிடிச்சது. நல்ல தண்ணிதான்மா.”

“நேரம்?”

“வீட்ல உட்கார்ந்து எழுதிட்டேன். கடல்ல நின்னு எழுதினா மை கரையுது. பாலம் தூக்குவான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?”

தொழிலில் இருக்கிற ஒரே விதி அதுதான்: முழங்கால் ஆழத்தில் நின்று பிடிக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே நேரம் எழுத வேண்டும். இரண்டு வருடமாக அவள் சோதனையில் ஒரு புள்ளிகூடப் பிசகியதில்லை. சோதனை சரி. தண்ணீர்தான் வேறு.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இங்கே அக்கரைத் தண்ணீர் நிஜமாகவே பச்சை, கழிவுப் பாசி. அதனால்தான் இக்கரையில் பிடித்திருக்கிறார்கள்.

4

விடுதியின் வரவேற்புக் கூடத்தில் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. “குளிக்க ஏற்ற கடல்.” கீழே அவள் கையெழுத்து.

அம்மா அதன் முன்னால் நின்றவள் நின்றவள்தான். பெட்டி தூக்க வந்த ஆளைப் பிடித்து நிறுத்தி, “இது என் பொண்ணு போட்டது. ஒரு போட்டோ எடுங்க தம்பி” என்றாள். வாழ்க்கையில் அம்மா கேட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தப் போட்டோவாகத்தான் இருக்கும்.

(மகளைக் கூட்டிவந்த காரணம் அங்கேதான் தெரிந்தது. போன மாதம் குளித்தவர்களில் ஒன்பது பேருக்கு வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. புகார் போயிருக்கிறது. இனிமேல் வெறும் கையெழுத்து போதாது, “என் கண்முன் பிடித்த நீர்” என்று எழுதித் தர ஒரு கண் வேண்டும்.)

மகள் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது அம்மா அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்தாள். பாறைக்குப் பின்னால் விடுதியின் கழிவுக் குழாய் கடலுக்குள் வாய் வைத்திருந்தது.

“அம்மா, மேல வா.”

“உன் கையெழுத்தே இருக்கு, அப்புறம் என்னடி பயம்?”

“அது நான் பார்க்காத தண்ணிக்குப் போட்டது.”

அம்மாவுக்குப் புரிய ஓர் அலை நேரம் ஆனது. உடையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே கரையேறினாள்.

“ரெண்டு நாள்னு சொன்னாங்களேடி” என்றாள்.

இந்த வரியை எட்டுத் தடவை மாற்றிப் பார்த்தேன். அம்மாவை வீரமாக ஏதாவது சொல்ல வைக்கலாம் என்று. அவள் சொல்லவில்லை.

மகள் முழங்கால் ஆழத்தில் இறங்கிப் பாட்டிலை நிறைத்தாள். ஸ்டிக்கரில் 12.05 என்று எழுதினாள். மை கரையத்தான் செய்தது.

5

முந்தின நாளே விடுதிக்கு வந்திருந்த மேனேஜர், தன் அறையில் மேசை மேல் படிவத்தையும் பேனாவையும் தயாராக வைத்திருந்தார்.

“உட்காரும்மா. அம்மாவுக்கு ரூம் பிடிச்சிருக்கா?”

“பத்து முப்பதுக்கு நாங்க பாலத்து மேல நின்னுக்கிட்டிருந்தோம் சார்.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம்.

“ஏற்கெனவே எட்டு கையெழுத்து போட்டிருக்கே. ஒன்பதாவது பொய்னா அந்த எட்டு என்ன? முதல்ல யாரைக் கூப்பிட்டுக் கேட்பாங்க, என்னையா, உன்னையா? யோசிச்சுப் போடு.”

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. நல்ல மிரட்டல் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள், அம்மா இரண்டாவது நாளும் கடலில் ——. இரண்டு: படிவத்தைக் கிழித்து முகத்தில் எறிகிறாள். படிக்க ஜோராக இருக்கும். ஆனால் அவர் இன்னொன்று அச்சடிப்பார். மூன்று: ஐஸ்பெட்டி உள்ளே வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். அவர் வருவார் என்று நானும் கதவைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். வரவில்லை.

நான்காவதாக ஒன்றை யோசிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். என்னிடமும் கேட்கவில்லை. யோசித்ததெல்லாம் முழங்கால் தண்ணீரிலேயே முடிந்திருக்க வேண்டும்.

“எங்கம்மா போறே?”

“புகார் போன இடத்துல அந்த எட்டையும் நானே போய்ச் சொல்றதுக்கு.”

வரவேற்புக் கூடத்தில் நின்று சான்றிதழ்ச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஐஸ்பெட்டி வண்டியை எடுப்பாரா, எட்டு கையெழுத்தும் அவள் கழுத்தில் விழுமா, அம்மா வழியில் என்ன பேசுவாள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மேசை மேல் படிவம் அப்படியே இருக்கிறது, கையெழுத்து இடம் காலி, பேனா மூடி திறந்திருக்கிறது. அறையில் இப்போது மேனேஜரும் நீங்களும்தான்.

அவள் வெளியே இறங்கிவிட்டாள். 12.05 பாட்டில் வெயிலில் நிற்கக் கூடாது. பெட்டிச் சாவி இன்னும் அவளிடம்தான்.

“கிளம்பும்மா” என்றாள் அம்மாவிடம்.