சின்னுசாமியைச் சுற்றிய புழுதி

எண்பத்து மூணாம் வருசச் சித்திரையில், திருச்செங்கோட்டுக்கு மேற்கே சின்னுசாமி போட்ட போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை. கிளம்பிய புழுதி தரையில் இறங்கவும் இல்லை. குழிக்குப் பக்கத்தில் நின்ற அவரை நடுவில் வைத்து, தோசைக்கல் மாதிரித் தட்டையாகப் பரந்து சுற்றத் தொடங்கியது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. கல்லை ஓட்டை போடத்தான் வந்தோம், இதுக்கு நாங்க பொறுப்பில்லீங்க என்று துளை போட வந்த ரிக்காரர்கள் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல ஆட்கள்!

அவர் மனைவி கண்ணாத்தாளுக்கு நிறைமாசம். புழுதி பறந்தால் சாணித்தண்ணி தெளிக்காமல் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கை சும்மா இராது. பக்கெட் பக்கெட்டாக வீசித் தெளித்தாள். அதுதான் வினையாகிவிட்டது. உதிரியாகச் சுற்றிய தூசி ஈரம் பட்டதும் ஒட்டிக்கொண்டது. கடுகானது, கடலையானது, பொழுது சாய்வதற்குள் பூசணியானது. பெரியது சின்னதை விழுங்கி இன்னும் பெருத்தது. வெயிலில் காய்ச்சல் கண்ட சின்னுசாமியின் அனலில், கிட்டே ஓடிய உருண்டைகள் காய்ந்து கல்லாக இறுகின. தூரத்தில் ஓடியவை ஈரம் போகாமல் ஊதிப் பெருத்தன. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே நுழையப் பார்த்த அவள் தம்பி ராசப்பனுக்கு, ஓர் உருண்டை இடித்துத் தோள்மூட்டு விலகிப் போனது.

மறுநாள் உச்சிவெயிலில் அவர் குரல் கம்மிவிட்டது. ஒரு வாய்த் தண்ணீர் போகாவிட்டால் மனுசன் தாங்கமாட்டார் என்று சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்தடுத்த தடத்தில் ஓடிய இரண்டு பெரிய உருண்டைகள் சுற்றுக்குச் சுற்று நெருங்குவதைக் கண்ணாத்தாள் அப்போதுதான் பார்த்தாள்.

“ஏனுங்க, குப்புறப் படுத்துக்குங்க!”

“நீ ஊட்டுக்குப் போ. வயித்துல புள்ள இருக்குது.”

“அந்தப் புள்ளைக்கு அப்பன் வேண்டாமுங்களா?”

மோதின. பக்கத்துக் காட்டு மாட்டுக்கொட்டகையின் ஓடெல்லாம் பறந்தது. ஐயோ, மாமன் போயிட்டாரே என்று ராசப்பன் நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டான். தெறித்த சில்லுகள் கீழே விழாமல், பிழைத்த உருண்டையைச் சுற்றி வளையமாகி, திரண்டு, எலுமிச்சம்பழ அளவில் ஒரு குட்டி உருண்டையாயின. புழுதி அடங்கியபோது சின்னுசாமி எழுந்து உட்கார்ந்திருந்தார். இனி மோதுவதற்கு மிச்சமில்லை. இருந்த உருண்டைகளுக்குத் தனித்தனித் தடம், நடுவெல்லாம் வெறும் வெளி. கண்ணாத்தாள் குட்டி உருண்டை கடக்கும்வரை நின்றாள். பிறகு குடத்தோடு உள்ளே நடந்து போய், அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

அவரோடு உருண்டைகளும் வீட்டுக்கு வந்துவிட்டதால் அவர் கட்டிலைக் களத்தில் போட்டார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவரைக் கூரைமேல் ஏற்றினார். டிக்கெட் மட்டும் முழுசாகக் கிழித்தார். வைகாசியில் பெண் பிறந்தது. நடை பழகியதும் அந்தப் பிள்ளை, யாரும் சொல்லித்தராமலே, அப்பனிடம் ஓடும் வழியில் ஒரு நொடி நின்று, குட்டி உருண்டையைப் போகவிட்டு, அப்புறம் ஓடிப்போய் அவர் மடியில் விழுந்தது.