உம்மாவை மவுத்தாக்கிய கடிதம்

சிபானாவின் ஜீபீஏ, அதாவது சராசரிப் புள்ளி, நாலுக்கு 1.87. கொழும்பில் ஒரு தனியார் கெம்பஸில் இரண்டு வருடம் முகாமைத்துவம் படித்துத் தேடிக்கொண்டது அவ்வளவுதான். மலேசியாவில் அவள் மாறிப்போக நினைத்த பல்கலைக்கழகம் 2.5க்குக் கீழே உள்ளவர்களை இலேசில் எடுக்காது. புள்ளி ஏன் குறைந்தது என்று விளக்கி ஒரு கடிதம் கொடுத்தால் யோசித்துப் பார்க்கும். அந்தக் கடிதத்தில்தான் அவளுடைய உம்மா மவுத்தாகிப் போயிருந்தார்.

அதை அவள் கண்டது பாயிஸ் சேரின் ஒபிஸில். கல்முனை பிரதான வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் பத்திரங்களை அவர்தான் செய்து கொடுப்பார். சிபானாவின் வாப்பா ஜவுபரும், "அவன் பாத்துக்குவான், நீ ஒண்டும் யோசிக்காத" என்று பைலை அங்கே ஒப்படைத்திருந்தார். அன்றைக்கு அவள் போனது, பெயரின் எழுத்துகள் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட. முன் மேசையில் இருந்த பெண் கடதாசிகளை நீட்டினாள். இரண்டாவது தாளில் கடிதம் இருந்தது.

இங்கிலிஷில் நன்றாகவே எழுதியிருந்தார்கள். இரண்டாம் வருடத்தின் நடுவில் தாய் புற்றுநோயால் இறந்துபோனாராம். கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியதும், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டதும் சிபானாதானாம். மூச்சு அடங்குவதற்கு முன் தாய் அவளுடைய கையைப் பிடித்து, பட்டத்தை முடித்துவிடு என்றாராம்.

காலையில் அந்த உம்மாதான் அவளுடைய ஸ்கார்ப்பில் பின் குத்தி, "வெயில் ஏறுறத்துக்குள்ள வந்துரு மகள்" என்று அனுப்பியிருந்தார்.

சிபானா கையெழுத்துப் போடாமல் உள்ளறைக் கதவைத் தள்ளினாள். ஏசி போட்ட அறையில் அத்தர் வாசமும் புரியாணிப் பார்சலின் வாசமும் கலந்து கிடந்தன. பாயிஸ் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சேர், என்ட உம்மா ஊட்ட இரிக்கா. நல்ல சொகமா இரிக்கா."

"அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் அவவுக்கு நீண்ட ஆயுளக் குடுக்கட்டும்" என்றார் அவர். "இது கடதாசியில மட்டுந்தானே புள்ள."

"உசிரோட இரிக்கிற ஆள எப்பிடி மவுத்தெண்டு எழுதுற?"

"வாப்பாவ எழுதேலாது. அப்ப பீஸ் ஆரு கட்டுறெண்டு கேப்பானுகள். உம்மாவெண்டா ஒரு கேள்வியும் வராது." பல்லிடுக்கில் வந்ததை டிசுவில் துடைத்தார். "அவவுட ஐடி கொப்பிய மட்டும் கொண்டு வாங்க. மரணச் சான்றிதழ் கேட்டா அதுக்கும் ஆளிரிக்கி."

"சீ! நீங்களெல்லாம் ஒரு மனிசனா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. எச்சில் தொட்டுப் பைலைப் புரட்டி ஒரு தாளை உருவி அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இது நானாக் கட்டின கதையில்ல. உங்கட கெம்பஸ்ல இருந்து ரெக்கோட்ஸ் எடுக்கக்குள்ள வந்த. கேன்சரெண்ட வருத்தத்தக் குடுத்த நீங்க. முடிச்சு வச்சது மட்டுந்தான் நான்."

போன வருடம் அவளே விரிவுரையாளருக்கு அனுப்பிய மெயில். தாய்க்குப் புற்றுநோய், பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது, புள்ளிவிபரவியல் பரீட்சையைப் பிறகு எழுத விடுங்கள் என்று கெஞ்சியிருந்தாள். பரீட்சை நடந்த நேரத்தில் அவள் தங்கியிருந்த போடிங் அறையில் போர்த்திக்கொண்டு போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாடப் புத்தகத்தை அதுவரை அவள் திறந்ததே இல்லை. மெயிலை அனுப்பி இரண்டு நாளில் மறந்தும் போயிருந்தாள்.

இரண்டு தாள்களையும் பிடுங்கிக்கொண்டு படி இறங்கினாள். ஓட்டோவில் வரும்போது, தன் கையிலிருந்தே ஏதோ நாறுவதுபோல அபாயாவில் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

பின்னேர அஸர் தொழுகை முடித்து வாப்பா வந்ததும் கடிதத்தை அவர் முன்னால் போட்டாள். அவர் வாசிக்கவில்லை.

"பாயிஸ் சொன்னவன்தான். நான் ஓமெண்டுட்டன்."

"உங்களுக்குத் தெரியுமா வாப்பா?"

"வேற வழி இரிக்கா? ஒண்டு தசம் எட்ட வச்சிக்கிட்டு நீ எங்க போவாய்?"

அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா நபீலா சிரித்தார். "எழுதினாப்ல நான் மவுத்தாகிருவனா? புள்ளைக்கு இடம் கிடைக்குமெண்டா எழுதட்டுமே." சொல்லிக்கொண்டே அலுமாரியைத் திறந்து, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த ஐடியை எடுத்தார். இவர்களுக்கு இது வெறும் கடதாசி.

பொலித்தீனைப் பிரித்தபடி உம்மா விளையாட்டாகக் கேட்டார்: "என்ன வருத்தத்துல போனனாம்?"

"கேன்சர்."

உம்மாவின் கை நின்றது. "சபூறாட வருத்தமா?"

சபூறா சாச்சி உம்மாவின் தங்கை. மூன்று வருடத்துக்கு முன் மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக அலைந்து, இந்த வீட்டு நடு அறையில்தான் கண்ணை மூடினார். கழுவியதும் துடைத்ததும் உம்மாதான். சிபானாவுக்கு அப்போதுதான் விளங்கியது, பொய் சொல்ல வேண்டி வந்தபோது எந்த வருத்தத்தைத் தான் கைநீட்டி எடுத்தாள் என்று.

"சேர் எழுதினது இல்ல உம்மா. முதல்ல எழுதின நான்தான். சோதினைக்குப் போகாம சோம்பல்ல படுத்துக் கிடந்துட்டு, உங்களுக்குக் கேன்சரெண்டு எழுதினன்."

உம்மா ஐடியைத் திரும்பச் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். தொழுகைக்கு வுளூச் செய்துகொண்டு அறைக்குள் போனார். மூன்று நாள் சோறு போட்டார், கதைக்கவில்லை.

அந்த மூன்று நாளில் சிபானா தானே ஒரு கடிதம் எழுதினாள். வகுப்புக்கு ஒழுங்காகப் போகவில்லை. பிடிக்காத பாடத்தை வாப்பாவுக்காக எடுத்தேன், அதை அவரிடம் சொல்லும் தைரியம் இருக்கவில்லை. தாயைப் பற்றி நான் முன்பு அனுப்பிய மெயில் பொய், அவர் நலமாக இருக்கிறார். கடைசி செமஸ்டரில் இரண்டு பாடத்துக்கு பி எடுத்திருக்கிறேன். மலேசியாவுக்கு அனுப்பினாள். கெம்பஸுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

மலேசியாவிலிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. மன்னிக்கவும், எடுக்க முடியாது. அந்தப் பொய்யைச் சொல்லிப் பிறகு எழுதிய புள்ளிவிபரவியல் பரீட்சையின் புள்ளியைக் கெம்பஸ் இரத்துச் செய்தது. 1.87 இன்னும் இறங்கியது.

"உண்மைய எழுதி ரெண்டு வருசத்தக் கடலுக்குள்ள போட்டுட்டா" என்று வாப்பா வீடு முழுக்கக் கத்தினார். பாயிஸ் பள்ளிவாசலில் அவரைக் கண்டு, "உங்கட மகள் மலேசியாக்காரனுகள்ட்ட என்ட பேரக் கெடுத்துட்டா ஜவுபர் காக்கா" என்று துக்கப்பட்டாராம். அந்தக் கதையைக் கேட்டபோது சிபானாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பும் கசந்தது.

நாலு மாதம் கழித்துக் கண்டியில் ஒரு சின்னக் கல்வி நிறுவனம் அவளை எடுத்தது. படித்த பதினாறு பாடத்தில் நாலைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். முதலாம் வருடத்தில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். ஆனால் அவள் கேட்ட பாடம், உணவு விஞ்ஞானம். ஓம் என்று எழுதிக் கொடுத்தாள்.

புறப்பட்ட அன்று உம்மா பைக்குள் எல்லாவற்றையும் அடுக்கித் தந்தார், முன்புபோல் கதைத்தார், ஏசவும் செய்தார். நடுவில் குசினிக்குப் போனவர் வர நேரமானது. சிபானா எட்டிப் பார்த்தாள். உம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, நெற்றியைப் பிடித்தபடி பனடோல் மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன உம்மா, தலையிடியா?"

நபீலா குளிசைக் கடதாசியைக் கைக்குள் மறைத்தார்.

"எழுதுறத்துக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார். "நீ போ."