மேல்துரு

டாக்டர் என்றதும் ஆஸ்பத்திரி டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். வாகன உதிரிபாகக் கடையில் பதினான்கு வருஷமாக நின்று ஃபில்டரும் பெல்ட்டும் எடுத்துக்கொடுக்கிறவன் அவன். ஆனால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "இன்ஜெக்டர் சரியில்ல" என்று சொன்னானென்றால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் சொந்தக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் வண்டி டாக்டர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். நடந்த அத்தனைக்கும் அந்தக் குளிர்ச்சிதான் காரணம், வேறெதையும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

அக்காவின் கணவர், அவனுடைய அத்தான், சின்ன ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கிறவர். கழிமுகத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் பாதியை மென்று விழுங்கிவிடுவார். உடைந்த படகை ட்ரெய்லரில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும், சரியானதும் திரும்பத் தண்ணீரில் இறக்க வேண்டும். அதற்கு இத்தனை நாளும் வாடகை வண்டிதான். வாடகை வண்டிக்காரர் இதோ வருகிறேன் என்பார், அவர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் வடிந்து படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். பழைய பிக்கப் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவானபோது அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"தம்பி வந்து பாக்கட்டும். அவன் சரின்னா சரி."

முதலில் பார்த்த இரண்டு வண்டிகளையும் டாக்டர் கிழிகிழியென்று கிழித்துவிட்டான். ஒன்றில் கிளட்ச் தேய்ந்திருந்தது. இன்னொன்றில் ஓடிய கிலோமீட்டர் கணக்கைக் குறைத்துத் திருப்பி வைத்திருந்தார்கள். பெடல் ரப்பர் தேய்ந்திருந்த அழகைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்தான். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களா, நீங்க மட்டும் வந்திருந்தா தலையில கட்டிட்டு அனுப்பியிருப்பாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அத்தான் சிரித்துக்கொண்டார்.

மூன்றாவது வண்டி நீல நிறம். விற்கிறவர் வீட்டு முற்றத்தில் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். அவர் குடும்பமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. டாக்டர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான், காதை வைத்தான், கண்ணை மூடினான். அடடா, என்ன சத்தம்! தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது எஞ்சின். அவன் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தான்.

"இந்த எஞ்சினுக்கு நான் கேரண்டி. கண்ண மூடிட்டு வாங்கலாம்."

அத்தான் மட்டும் பின்பக்கம் போய்க் குந்தியிருந்தார். பின் சக்கரத்தின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மச்சான், இது உப்புத் தண்ணியில இறங்கின வண்டி மாதிரி இருக்கு. படகு இறக்கறவங்க பின் சக்கரம் முங்கற வரைக்கும் ரிவர்ஸ்ல போவாங்க. முன்னாடி புதுசா இருக்கும், பின்னாடி அரிச்சிருக்கும். அடியில இப்பத்தான் கறுப்புப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அபூர்வம். டாக்டருக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் முன்னால் கேரண்டி கொடுத்தாகிவிட்டதே!

"அத்தான், நீங்க படகப் பாருங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், பெரிய மனது பண்ணுகிறவன்போல டாக்டர் அத்தானுக்குப் பக்கத்தில் குனிந்து, தன் பைக் சாவியால் ட்ரெய்லர் மாட்டுகிற கொக்கிக்கு மேலே இருந்த அடிச்சட்டத்தை ஒரு குத்துக் குத்தினான்.

சாவி உள்ளே போய்விட்டது. தட்டுப்படும் என்று நினைத்த இடத்தில் இரும்பே இல்லை. பெயிண்ட்டும் துருவும்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. அந்தக் கொக்கியில்தான் படகும் ட்ரெய்லரும் தொங்கப்போகின்றன.

ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அக்கா பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், வாசல் முழுக்க ஆட்கள். அவன் சாவியை உருவி, விரலில் ஒட்டிய துருவைப் பேன்ட்டில் தேய்த்துவிட்டு எழுந்தான்.

"வெறும் மேல்துரு. இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

அத்தான் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "மச்சான் சொன்னா சரிதான்" என்றார். அன்றைக்கே வண்டி கைமாறியது.

வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் டாக்டர் நினைத்தான். வழியெல்லாம் அக்கா ஃபோனில் அவன் புகழ் பாடிக்கொண்டு வந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாள் அக்கா வண்டியோடு நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தாள். தெரிந்த வெல்டரிடம் சொல்லி ஓசைப்படாமல் ஒரு தகடு வைத்துவிடலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். வெல்டருக்கு ஃபோன்கூடப் பண்ணவில்லை. பண்ணினால் எதற்கு என்று கேட்பாரே! சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சாவி நினைவு வந்து சோறு இறங்கவில்லை. அப்படியும் வாயைத் திறந்தானா என்றால், இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, ஒரு வாடிக்கையாளரின் படகைச் சரிவில் மேலே இழுத்தபோது கொக்கி சட்டத்தோடு பிய்ந்து வந்துவிட்டது. அத்தான் வண்டிக்குள் இருந்தார். ட்ரெய்லர் படகோடு பின்னால் உருண்டது. பின்னால் முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அக்கா. படகு ஒரு பக்கம் திரும்பிவிடாமல் கயிறு பிடிப்பது எப்போதும் அவள் வேலைதான். கத்திக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தாள், பிழைத்தாள். கல்லில் விழுந்து வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

டாக்டர் பதறியடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினபோது அவள் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து புருஷனைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி எவ்வளவு பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தான்! பன்னெண்டே நாள். உப்புத் தண்ணியில விட்டு விட்டு அரிக்க விட்டுட்டீங்களே! ஒரு நாளாவது நல்ல தண்ணியில கழுவினீங்களா?"

தினமும் கழுவினார் என்பது அவளுக்கே தெரியும். வலி பேச வைத்தது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான்" என்றார்.

டாக்டருக்குக் கூசிப்போயிற்று. நின்ற இடம் முள்ளாகக் குத்தியது. ஆனால் அப்போதும் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "விடுக்கா, அவர் என்ன பண்ணுவார்" என்றான். தூ! பெரிய மனிதன் மாதிரி மன்னித்துவிட்டான், அவரை!

சாயங்காலம் கொட்டகைக்குப் போனான். அத்தான் வாடிக்கையாளரின் படகில் விழுந்திருந்த விரிசலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிய்ந்த சட்டத் துண்டு மேஜைக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. உடைந்த ஓரம் உள்வரைக்கும் பழுப்பேறி அடுக்கடுக்காக உதிர்ந்தது. பன்னிரண்டு நாளில் அரிக்கிற அரிப்பா அது?

"அத்தான், இத அக்காகிட்ட ஏன் காட்டல?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு மச்சான்?"

"அன்னைக்கு என் சாவி உள்ள போச்சு அத்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மேல்துருன்னு சொன்னேன்."

"தெரியும். நானும் பாத்தேன். பக்கத்துலதான இருந்தேன்."

"பாத்தீங்களா? அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

"அத்தன பேர் முன்னாடி நீங்க சொல்லிட்டீங்க. உங்க அக்காவும் நிக்கறா. பொண்டாட்டியோட தம்பி மூக்க அங்க வெச்சு உடைக்க எனக்கு மனசு வரல. ரெண்டு நாள்ல தகடு வெச்சுக்கலாம்னு நெனச்சேன். தகடு வெச்சா அவ ஏன்னு கேப்பா. தள்ளிப் போட்டுட்டேன்."

திட்டியிருந்தால்கூட டாக்டர் தாங்கிக்கொண்டிருப்பான். இந்த மனிதரை அல்லவா எல்லார் முன்னாலும் கோமாளியாக்கினோம் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அவகிட்ட சொல்லாதீங்க மச்சான். உங்கமேல மலையளவு நம்பிக்க வெச்சிருக்கா. என்னத் திட்டறது அவளுக்குப் பழகிப்போச்சு, ரெண்டு நாள்ல மறந்துடுவா."

ஆனால் டாக்டர் சொன்னான். அதே வேகத்தோடு வீட்டுக்குப் போய், அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, சாவியில் ஆரம்பித்து வெல்டர் வரைக்கும் ஒன்றையும் விடாமல் கொட்டிவிட்டான். தடுக்கலாம் என்று பின்னாலேயே வந்த அத்தான் கதவருகில் நின்றுவிட்டார். தான் பார்த்ததையும் அவரே மெதுவாகச் சொன்னார். மச்சான் மட்டும் மாட்டிக்கொள்வதில் அவருக்கு நியாயம் தெரியவில்லை போல.

கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று டாக்டர் எதிர்பார்த்தான். எறியட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டான். அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"கயிறு பிடிச்சிட்டுப் பின்னாடி நான்தான் நிப்பேன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

"உங்களுக்கு?" என்றாள், கதவுப் பக்கம் திரும்பாமலே.

அத்தான் தலையசைத்தார். திரும்பாதவளுக்கு அது தெரியாது என்று உறைத்ததும், "தெரியும்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

அவள் மாவுக்கட்டை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன் மானத்த நீங்க காப்பாத்தினீங்க. உங்க கண்ணு முன்னாடியே அவனும் அவன் மானத்தக் காப்பாத்திக்கிட்டான். ரொம்ப சந்தோஷம். என்னக் காப்பாத்தணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தருக்குமா தோணல?"